லாரி பம்ப்பும் எங்கள் வடக்குச் சுவரும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருஷக்கணக்காகத் தயங்கினேன். பேனாவை எடுப்பேன். தாளின் தலையில் "சேசு மரி சூசை" என்று எழுதுவேன். அதோடு மூடி வைத்துவிடுவேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தவள் நான். எழுத்து ஓடாதது ஒரு காரணம். அது சின்னக் காரணம். பெரிய காரணம் என் நாத்தனார். அவள் உடம்பைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. அவளுக்கு வந்த நோயின் பேரை அந்தக் காலத்தில் நாங்கள் வீட்டுக்குள்கூட வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். இன்னொன்று, மாதா மேல் பக்தி இல்லாதவள் என்று என்னைச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பேரைக் கொஞ்ச காலம் சுமந்துவிட்டேன். மறுபடி சுமக்க மனசில்லை.

போன மாதம் என் நாத்தனாரே சொல்லிவிட்டாள். "எழுதுங்க அண்ணி. என் நோவுக்குப் பேரு போட்டே எழுதுங்க. ஆனா அந்தத் தண்ணி டீசல் நாத்தம் அடிச்சுதுன்னு மறக்காம எழுதுங்க."

மறக்கவில்லை. எழுதுகிறேன்.

எங்கள் வீடு பென்னலூர்ப் பக்கம், பெங்களூர் ரோட்டை ஒட்டி இருந்தது. மாமனார் கட்டிய மச்சு வீடு. மூன்று பக்கமும் யாராலும் தொந்தரவு கிடையாது. வடக்குப் பக்கத்து மனையில்தான் ஒரு லாரி ஷெட் வந்து சேர்ந்தது. லாரிகள் பின்பக்கமாக உள்ளே வந்து, புகைக்குழாயை எங்கள் சுவருக்கு நேரே காட்டிக்கொண்டு நிற்கும். விடிந்தால் டிரைவர்கள் உறுமவிட்டு உறுமவிட்டு வண்டியைச் சூடேற்றுவார்கள். கொஞ்ச நாளில் வடக்குச் சுவர் விறகடுப்புக்கு மேலே இருக்கும் சுவர் மாதிரி ஆகிவிட்டது. கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் வெள்ளையடித்துப் பார்த்தோம். சுண்ணாம்பு காய்ந்ததும் எண்ணெய்ப் பிசுக்கு அடியிலிருந்து கிளம்பி மஞ்சளாகப் பூக்கும். பொங்கலுக்குள் மறுபடி கறுப்பு.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். இரும்பு வார்க்கிற ஃபாக்டரியில் ஷிப்டு வேலை பார்த்த என் கணவர், நான், அவருடைய தங்கை. தங்கைக்கு இருபது வயசு தாண்டியும் வீட்டில் எல்லாருக்கும் அவள் பாப்பாதான். தாய் தகப்பன் போன பிறகு எங்களோடுதான் இருந்தாள். நன்றாகத் தைப்பாள். கோயிலில் பாடுவாள். வடக்குப் பக்கத்து அறை அவளுடையது. அந்த ஜன்னலைத் திறந்தால் லாரி ஷெட் தெரியும்.

அவளுக்குத்தான் டி.பி. வந்தது.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் முதலில் ஊசி போட்டார்கள். பிறகு மாத்திரை. அங்கே இருந்த டாக்டரம்மா பாப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஒன்றரை வருஷம். ஒரு நாள்கூட விடக்கூடாதும்மா. கொஞ்ச நாள்லயே ஒடம்பு தேறின மாதிரி இருக்கும். அப்பதான் எல்லாரும் நிறுத்திடறாங்க. நிறுத்திட்டா நோய் திரும்பி வரும், இந்த மருந்துக்கும் அடங்காது. அப்புறம் ஆளைக் காப்பாத்தறது கஷ்டம்." அன்றிலிருந்து மாத்திரையை நானே எடுத்து, தண்ணீரோடு அவள் கையில் கொடுத்து, வாயில் போடும் வரை நிற்பேன். ஆறு மாதத்தில் முகத்தில் சதை பிடித்தது. இருமல் நின்றது. தையல் மிஷினில் உட்கார்ந்தாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை அடித்து ஊற்றியது. மச்சிலிருந்து தண்ணீர் விழும் தூம்பு உடைந்து, தண்ணீர் வெளியே தெறிக்காமல் வடக்குச் சுவரோடேயே இறங்கியது. இறங்கின தடமெல்லாம் கரியைக் கழுவிக்கொண்டு போய்விட்டது. மழை விட்டதும் பார்த்தால், கறுப்புச் சுவரில் ஒரு வெளுத்த உருவம். தலையில் முக்காடு, குறுகின தோள், கீழே விரிந்த அங்கி. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

முதலில் பார்த்தது பால் ஊற்ற வந்த அம்மா. அவள் போட்ட சத்தத்தில் தெருவே வந்து நின்றது.

"மாதாடி! தோ பாரு முக்காடு!"

"மாதான்னா கையில கொயந்த இருக்கணுமே?"

"கொயந்த அங்கிக்குள்ள கீதுடி. குளுருது இல்ல?"

லாரி ஷெட்டில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு டிரைவர் சொன்னார்: "எங்க ஊரு மாரியாத்தா இதே ஜாடைதாம்மா."

"உங்க ஆத்தாவுக்கு எதுக்குய்யா முக்காடு?"

"மய பேயுது இல்ல? போட்டுக்கினு கீறா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கும்பிடவும் செய்தேன். அன்றைக்கு அதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை.

ஒரு வாரத்தில் மண்ணூரிலிருந்தும் படப்பையிலிருந்தும் ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். மெழுகுவர்த்தி, பூமாலை, பிள்ளை வரம் கேட்டுச் சின்னத் தொட்டில். உருவத்தின் கீழே ஒருவர் பித்தளைச் சொம்பு வைத்தார். சுவரில் வழிந்த மழைத் தண்ணீர் அதில் விழுந்தது. அதைத் தீர்த்தம் மாதிரி குடித்தார்கள். மழை நின்ற பிறகும் யாராவது மச்சில் ஏறி ஒரு குடம் ஊற்றி, கீழே பிடித்துக்கொண்டு போனார்கள். நவம்பர் கடைசியில் இன்னொரு கூச்சல் எழுந்தது: "பாதம் தெரியுது! மாதா பாதம் தெரியுது!" அங்கியின் அடியில் இரண்டு கைப்பிடி அளவுக்கு, மற்ற இடத்தைவிட நல்ல வெள்ளையாக, புதிதாக ஏதோ தெரிந்தது உண்மைதான்.

பாப்பா தினமும் காலையில் அந்தத் தண்ணீரில் ஒரு டம்ளர் குடித்தாள். "எனக்காகத்தான் வந்திருக்காங்க அண்ணி. என் ரூம்பு சுவத்துலதானே வந்து நிக்கறாங்க?" என்பாள். அந்த முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்வேன்? "சரிடா, மாத்திரையும் போட்டுக்கோ" என்பேன். வாயில் போட்டுக்கொள்வாள். தண்ணீர் குடிப்பாள். நான் தலையைத் திருப்புவேன்.

டிசம்பர் பிறந்ததும் இருமல் திரும்பியது. சாயங்காலமானால் உடம்பு சுட்டது. ஜாக்கெட் தோளில் தொங்கியது. மாத்திரை சாப்பிடுகிறவளுக்கு எப்படி இப்படி ஆகும்? கேட்டால், "அதான் மாதா தண்ணி குடிக்கறேன்ல அண்ணி, செரியாப் போயிடும்" என்றாள். மாத்திரை என்ற பேச்சே அவள் வாயில் வரவில்லை. அதை நான் கவனித்தேன். அன்றைக்குத்தான் தீர்மானம் பண்ணினேன். அந்த உருவம் சுவரில் இருக்கும் வரை இவள் டாக்டர் சொல்வதைக் கேட்கப் போவதில்லை. இவள் உயிர் தங்க வேண்டுமானால் சுவர் வெளுக்க வேண்டும்.

கணவரிடம் சொன்னேன். ஷிப்டு முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார்.

"இன்னாமே பேசற? மாதாவக் கழுவி விடுவியா?"

"மாதாவ யாருங்க கழுவறா? நான் என் வூட்டு சுவரக் கழுவறேன். மாதா வரணும்னா நமக்கு வாசக்கதவு கீது. சுவத்து வழியா எதுக்கு வரணும்?"

"ஊரு சும்மா இருக்குமா?"

"ஊரு வந்து பாப்பாவக் காப்பாத்துமா?"

அவர் மறுபடி சோற்றில் கை வைத்தார். தங்கை மேல் அவருக்கு உயிர்.

வெள்ளையடிக்கிற மேஸ்திரி வந்தார். சுவர் முன்னால் நின்றார். தலைத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக் கைகூப்பிவிட்டு, "வேற சுவரு சொல்லும்மா, ஓசியிலயே அடிச்சுத் தரேன்" என்று போய்விட்டார். எங்கள் பங்குச் சாமியாரிடம் போனேன். வயசான மனிதர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "உன் வூட்டுச் சுவரக் கழுவ எங்கிட்ட எதுக்கும்மா உத்தரவு? என் வூட்டுச் சுவர நான் உன்னக் கேட்டா கழுவறேன்?" எனக்கு அது போதுமானதாக இருந்தது.

யோசனை கடைசியில் கணவரிடமிருந்தே வந்தது. ஸ்ரீபெரும்புதூருக்குப் போகிற வழியில் லாரிகளுக்கு வாட்டர் சர்வீஸ் பண்ணுகிற இடம் ஒன்று இருந்தது. டீசல் என்ஜின் வைத்த பம்ப்பால் பீய்ச்சி அடித்து, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் காய்ந்த கிரீஸையே கழற்றிவிடுவார்கள். "கிரீஸு போச்சுன்னா கரி போவாதா?" என்றார். அவர் ஷிப்டுக்குப் போனதும் நானே நடந்து போய்க் கேட்டேன். சர்வீஸ்காரர் முழங்கால் வரை நனைந்த ஒரு பாய். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"வூட்டுக்கா? இது வரிக்கும் வூட்டக் கழுவினது இல்லக்கா."

"உருவம் தெரியுதுன்னு பயப்படறீங்களா பாய்?"

அவர் நின்றுகொண்டிருந்த லாரியைக் காட்டினார். முன் கண்ணாடிக்கு மேலே முருகர், நடுவில் பிறை, கீழே வேளாங்கண்ணி மாதா. "தினிக்கும் இவங்க மேலதான் அடிக்கறேன். ஒருத்தரும் என்னைக் கோவிச்சுக்கினது இல்ல. நான் அழுக்கத்தான் அடிக்கறேன்னு அவங்களுக்குத் தெரியும்." பிறகு விரலை மடக்கி வேலை சொன்னார். "பம்ப்ப நான் கொண்டாறேன். வூட்ட ரெடி பண்றது உங்க வேல. சுவத்துல ஓட்ட ஒடசல் ஒண்ணு வுடாம அடைக்கணும். இந்தத் தண்ணி ஊசி மாதிரி நுழையும். மீட்டர் பொட்டிய மூடிக் கட்டணும். கெணத்த மூடணும், இல்லன்னா பொங்கல் வரிக்கும் சோப்புத் தண்ணிதான் குடிப்பீங்க. சுவர ஒட்டி ஒரு துரும்பு இருக்கக் கூடாது. கறுப்புத் தண்ணி ஓடறதுக்குக் கால்வா வெட்டி வெய்யிங்க."

கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் நாள் குறித்தோம். அன்றிலிருந்து நான் வேறு வேலை பார்க்கவில்லை. சுவரை ஒட்டி அடுக்கியிருந்த விறகைக் கட்டுக் கட்டாகப் பின்பக்கம் மாற்றினேன். தேள் இரண்டு ஓடியது. உரச் சாக்கைப் பிரித்து, மீட்டர் பெட்டியைச் சுற்றிச் சைக்கிள் ட்யூப்பால் இறுக்கிக் கட்டினேன். கிணற்றுக்கு லாரி ஷெட்டிலிருந்து இரண்டு தகரம் கேட்டு வாங்கினேன். எதற்கு என்று தெரிந்ததும் அந்த டிரைவர், "ஆத்தாவ வழியனுப்பப் போறியாம்மா?" என்று கேட்டுக்கொண்டே தானே தூக்கிவந்து போட்டார். மண்வெட்டி எடுத்து, சுவரோரத்திலிருந்து ரோட்டுப் பள்ளம் வரை நானே கால்வாய் வெட்டினேன். கை கொப்பளித்தது. வெட்டுகிற ஒவ்வொரு கொத்துக்கும் மனசுக்குள் ஒரு அருள் நிறை மந்திரம் சொன்னேன். சிரிக்காதீர்கள். ஒரு பக்கம் மாதாவை வேண்டிக்கொண்டு, இன்னொரு பக்கம் மாதா என்று ஊர் சொன்னதைக் கழுவ வழி வெட்டினேன். எனக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. மாதாவும் ஒரு பிள்ளையைச் சாகக் கொடுத்த தாய். இன்னொரு பிள்ளை சாவதைப் பார்த்துக்கொண்டு சுவரில் நிற்க மாட்டார்கள்.

பூமாலைகளைத் தென்னை அடியில் போட்டேன். தொட்டில்களை எடுத்துக் கோயிலில் கொடுத்தேன். மெழுகுவர்த்தித் துண்டுகள் ஒரு கூடை இருந்தன. அவற்றைப் பழைய அலுமினியச் சட்டியில் உருக்கி, கிழிந்த வேட்டித் துணியைத் திரித்து நனைத்து, ஜன்னல் சட்டங்களின் இடுக்கில் கத்தியால் திணித்தேன். மெழுகு ஆறியதும் கல் மாதிரி பிடித்துக்கொண்டது. பாப்பாவின் அறை ஜன்னலை மட்டும் கடைசிக்கு விட்டேன். அந்த ஜன்னலை ஒட்டித்தான் அவள் கட்டில். அவள் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

அந்தக் காலையும் வந்தது. ஜெபமாலை சொல்ல எங்கள் வீட்டில் கூடும் பெண்கள் நான்கைந்து பேர் வந்தார்கள். வாசலிலேயே நின்று சொல்லிவிட்டார்கள்: "அக்கா, சாமானு சட்டு தூக்கறதுக்கு வந்தோம். சுவத்துல மட்டும் கை வெக்க மாட்டோம்."

"வெக்க வேணாம். கூட இருங்க, போதும்."

நான் கிணற்றுத் தகரத்தின் மேல் கல் ஏற்றப் பின்பக்கம் போனேன். திரும்பி வந்து பார்த்தால், அரிசி ட்ரம், தலையணை, பீரோ, பாப்பாவின் தையல் மிஷின், சேசுவின் திரு இருதயப் படம், எல்லாம் வடக்குப் பக்கம் மண்ணில் வரிசையாக நிற்கின்றன. திரு இருதயப் படத்துக்கு மட்டும் நாற்காலி போட்டிருந்தார்கள்.

"அடிப்பாவிங்களா! இன்னாடி பண்ணிக்கீறீங்க?"

"வெள்ளையடிக்கறதுன்னா சாமானத் தூக்கி வெளிய வெக்க மாட்டாங்களா? வருஷா வருஷம் வெக்கறதுதானே?"

"இது வெள்ளையடிக்கறது இல்லடி! வெளியிலதான் தண்ணி அடிக்கப் போறாங்க. உள்ள இருக்கறது உள்ளயே இருந்தாதான் நனையாது!"

பெண்கள் திரும்பிப் பீரோவைப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "மாதா சுவத்த விட்டு எறங்கறதுக்குள்ள எங்க இடுப்பு எறங்கிடும் போலக்கீதே!"

இருந்த பயமெல்லாம் அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கரைந்தது. பீரோவை மறுபடி உள்ளே தூக்கினோம். ஆனால் அந்தப் பெண்கள் செய்த பிசகை நான் இன்றுவரை ஆண்டவர் செயல் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் அவர்கள் பாப்பாவின் கட்டிலையும் நகர்த்தியிருந்தார்கள். மெழுகுச் சட்டியோடு அந்த அறைக்குள் போனேன். கட்டில் மறைத்திருந்த இடத்தில், ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே, தூம்புத் தண்ணீர் அரித்து ஒரு பிளவு விட்டிருந்தது. அதில் துணி திணிக்கலாம் என்று கத்தியை விட்டேன். மெத்தென்று எதிலோ பட்டது. கிளறினேன். ஈரத்தில் ஊறின காகிதம். காகிதத்துக்குள் மாத்திரைகள். சில முழுசாக, சில பாதி கரைந்து, மாவாகி, பிளவுக்குள் உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருந்தன.

கத்தியை வைத்துவிட்டு மாத்திரைகளை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டேன். வெளியே போய்ச் சுவரைப் பார்த்தேன். அந்தப் பிளவு வெளியே எட்டிப் பார்த்த இடத்தின் கீழேதான் எல்லாரும் பாதம் பாதம் என்று கும்பிட்டார்கள். அந்த வெள்ளை மாத்திரை மாவா, பழைய சுண்ணாம்பா என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். எனக்குத் தெரியாது. இடம் ஒன்றுதான். அது தெரியும்.

பாப்பா கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.

"இது இன்னா பாப்பா?"

பார்த்தாள். மறைக்கவில்லை. "மாத்திர."

"நான் பாக்க வாயில போட்டுக்குவியே?"

"நாக்குக் கீழ வெச்சிக்குவேன். நீங்க திரும்பினதும் எடுத்துடுவேன்."

"எப்பலேந்து?"

"அவங்க வந்ததுலேந்து." இருமல் வந்தது. அடங்கும் வரை காத்திருந்து பிறகு சொன்னாள்: "அவங்களே வந்து நிக்கறப்ப நான் மாத்திரய முழுங்கினா, அவங்க மேல நம்பிக்க இல்லன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரி அண்ணி. தூக்கிப் போடவும் மனசு வரல. சர்க்கார் குடுத்தது. அதான் அவங்க கால்ல வெச்சேன்."

எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவள் பக்தியில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பக்திதான் அவளைக் கொன்றுகொண்டிருந்தது. "எழுந்து வெளிய வா பாப்பா. பாய் பம்ப்ப எறக்கறாரு" என்று மட்டும் சொன்னேன்.

"வர மாட்டேன். அவங்க போறப்ப நான் கூட இருப்பேன்." எழுந்து தன் அறைக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். ஜன்னல் ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. அந்தப் பிளவை அடைக்க நினைத்த துணி என் தோளிலேயே கிடந்தது. இந்தப் பேச்சில் அது எனக்கு மறந்தே போய்விட்டது.

பாய் பம்ப்பைப் பின்னால் இருந்த குட்டை ஓரம் வைத்து, உறிஞ்சுகிற குழாயின் வாயில் காடாத் துணி கட்டித் தண்ணீரில் விட்டார். முதலில் பின்சுவரில் அடித்துப் பார்த்தார். ஒரு தட்டு அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. "அய்யய்யோ, லாரிக்குத் தோலு கெட்டிக்கா" என்று நாலு எட்டுப் பின்னால் போய் நின்றார். நைட் ஷிப்டு முடிந்து நேராக வந்திருந்த என் கணவர், ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குழாயைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்தார். வடக்குச் சுவர் முன்னால் வந்ததும் பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா?"

"அடிங்க பாய்."

உருவத்தில் அவர் முதலில் அடிக்கவில்லை. அதைச் சுற்றியிருந்த கறுப்பில்தான் ஆரம்பித்தார். சோடாவும் சோப்பும் கரைத்த தண்ணீரைப் பெண்கள் வாளியில் கொண்டுவந்து கொடுத்தார்கள். சுவரில் கை வைக்க மாட்டோம் என்றவர்கள்தான். கரி தார் மாதிரி வழிந்து நான் வெட்டின கால்வாயில் ஓடியது. நடுவில் ஒரு தடவை பம்ப் இருமி நின்றது. பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பாய் போய்க் குழாயைத் தூக்கிப் பார்த்தால், காடாத் துணி நிறையப் பாசி. வழித்துப் போட்டுவிட்டு மறுபடி ஓட்டினார். அவ்வளவுதான். தண்ணீர் ஜன்னல் பக்கம் போனபோது உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது.

"நிறுத்துங்க பாய்!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினேன். அதற்குள் தாழ் திறந்தது. பாப்பா நின்றாள். உச்சந்தலையிலிருந்து கழுத்து வரை கறுப்புத் தண்ணீர் கோடு கோடாக இறங்கியிருந்தது. அந்தப் பிளவு வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வந்திருக்கிறது. அவள் பிளவை ஒட்டித் தலை சாய்த்து உட்கார்ந்திருந்திருக்கிறாள். தலையணை, போர்வை, சுவரில் மாட்டியிருந்த ஜெபமாலை எல்லாம் கறுப்பு.

அவள் அழவில்லை. முந்தானையை எடுத்து மூக்கில் வைத்து முகர்ந்தாள். பிறகு அதை என் மூக்கிடம் நீட்டினாள்.

"அண்ணி, மோந்து பாருங்க."

லாரி புகை. டீசல். கொஞ்சம் எரிந்த எண்ணெய்.

"இதையா குடிச்சிக்கினு இருந்தேன்?"

வெந்நீர் போட்டு, அவள் தலைக்குச் சீயக்காய் தேய்த்து ஊற்றினேன். அவள் முதுகில் எலும்பு தெரிந்ததை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். வெளியே பம்ப் மறுபடி ஓடியது. நிறுத்தச் சொல்லி அவள் கேட்கவில்லை.

மத்தியானம் என்ஜின் நின்றதும் ஈரத்தலையோடு வெளியே வந்து என் பக்கத்தில் நின்றாள். வடக்குச் சுவர் முழுக்க ஒரே வெளுப்பு. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை கண்ணாலேயே தேடினாள்.

"எங்க நின்னாங்க அண்ணி?"

நானும் தேடினேன். இடம் தெரியவில்லை. அந்த உருவம் இருந்த நிறம்தான் இப்போது சுவர் முழுவதும் இருந்தது. எங்கள் சுவரிலேயே சுத்தமாக இருந்த ஒரே இடத்தைத்தான் நாங்கள் கும்பிட்டிருக்கிறோம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"எனக்கும் தெரியல பாப்பா. இப்ப எங்க வேணா நிக்கலாம்."

அப்போதுதான் அழுதாள். பாய் தலையைக் குனிந்துகொண்டு குழாயைச் சுருட்டினார். அன்று சாயங்காலம் அந்தப் பெண்களோடு வழக்கம்போல் ஜெபமாலை சொன்னோம். பாப்பா இருமி இருமிப் பாட்டை ஆரம்பித்தாள்; மற்றவர்கள் முடித்தார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா திட்டினார். இருவரும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டோம். எல்லாம் முதலிலிருந்து. மறுபடி ஊசி, மறுபடி மாத்திரை, சில மாத்திரை வேறு ஜாதி, குடித்தால் வயிற்றைப் புரட்டும். வாயில் போட்டு முழுங்கிவிட்டு, நான் கேட்காமலே நாக்கைத் தூக்கிக் காட்டுவாள். "பாத்துக்கோங்க அண்ணி, கீழ ஒண்ணியும் இல்ல." அதை ஒரு விளையாட்டாகவே வைத்துக்கொண்டோம். ஒரு நாள்கூட விடவில்லை. முடிகிற அன்றைக்கு டாக்டரம்மா, "இனிமே இங்க வராதே, போ" என்றார். பாப்பா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கல்யாணம் ஆயிற்று. இன்றைக்கு அவளுக்குப் பேரப்பிள்ளைகள். இன்னும் கோயிலில் பாடுகிறாள்.

இதுதான் நடந்தது. ஊரில் பரவிய கதையோ வேறு. மாதா மேல் தண்ணீர் அடிக்கப் போனபோது பம்ப் தானாக மூன்று தடவை நின்றதாம். மாதா சுவருக்குள் புகுந்து அந்தப் பெண்ணின் உடம்பில் இறங்கிவிட்டாராம். மருந்தே இல்லாமல் நோய் அன்றைக்கே போயிற்றாம். பல வருஷம் கழித்து ஒரு அம்மா, நெஞ்சு கூடாகிப்போன மகனைக் கூட்டிக்கொண்டு பஸ் மாறி மாறி எங்கள் வீடு தேடி வந்தாள். சுவர் மண் கொஞ்சம் வேண்டுமாம். அதே டி.பி.தான். இந்தக் கதையைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிட்டார்களாம். ஏன் நிறுத்தினாய் என்று அந்தப் பையனைக் கேட்டால் தாயைப் பார்க்கிறான். விருந்துக்கு வந்திருந்த பாப்பா முன்னால் வந்து அந்தத் தாயின் கையைப் பிடித்தாள்.

"அந்தப் பொண்ணு நான்தாம்மா. மாத்திர தின்னுதான் பொழச்சேன். ரெண்டு தபா மொதல்லேந்து தின்னேன்."

அந்தத் தாய் அவள் கையைத் தட்டிவிட்டாள். "மாதா செஞ்சத மறைக்காதம்மா. பாவம்."

பாப்பா விடவில்லை. அன்றைக்கே அவர்களோடு பஸ் ஏறி, ஆஸ்பத்திரி வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். அதற்கப்புறம் அந்தப் பையன் என்ன ஆனான் என்று எங்களுக்குத் தெரியாது. இப்போதும் என் ஜெபத்தில் அவனுக்கு ஓர் இடம் உண்டு. இன்னும் எத்தனை பேர் எங்கள் வீடு வரை வராமல், அந்தக் கதையை மட்டும் கேட்டுவிட்டு மாத்திரையை எடுத்து வைத்தார்களோ. அதை நினைத்தால் தூக்கம் வராது.

அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது பம்ப் ஒரே ஒரு தடவைதான் நின்றது, அதுவும் பாசியால் என்று சொல்லுங்கள். தண்ணீர் டீசல் நாற்றம் அடித்தது என்று சொல்லுங்கள். மாத்திரையை முதலிலிருந்து தின்றாள் என்பதை விட்டுவிடாதீர்கள். மாதாவை அன்றும் வேண்டினோம், இன்றும் வேண்டுகிறோம் என்பதையும் விட்டுவிடாதீர்கள். அழகாக இருக்கும் என்று ஒரு வார்த்தை சேர்க்க வேண்டாம். நடந்தது நடந்தபடியே போய்ச் சேரட்டும்.